இடது கையால் எழுதியது

‘உண்மைக்கு அஞ்சாத பள்ளியே உயர்ந்த பள்ளி. உண்மையைத் தாங்கும் நெஞ்சமே ஆசிரியரின் முதல் தகுதி.’

கேட்டவுடன் முதுகு தானாக நிமிர்கிறதல்லவா? சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று இப்படித்தான் தொடங்குகிறது. அதை எழுதிய துணைத் தலைமையாசிரியர், இந்த வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தன் வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். குளித்து முடித்து இருபது நிமிடமாகிவிட்டது. தலைகூடக் காய்ந்துவிட்டது. வெளியே மனைவி இருந்தார். உள்ளே உட்கார்ந்திருக்க வேறு காரணம் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

“என்னங்க, தண்ணி வரலையா?”

கேட்டுவிட்டு மனைவி பதிலுக்காகக் காத்திருந்தார். அதுதான் பயங்கரம்.

கல்யாணமான இந்த இருபது வருடத்தில் அந்த அம்மாள் எந்தக் கேள்விக்கும் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. வழக்கமாக இப்படி இருக்கும்: “தண்ணி வரலையா? வருது, சத்தம் கேக்குதே. சோப்பு தீந்துடுச்சா? நேத்துதான் புதுசு வச்சேன். அப்ப உள்ள என்ன பண்றீங்க? பேப்பர் படிக்கிறீங்க. வாங்க வெளிய.” உள்ளே இருப்பவர் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. உரையாடல் அதுபாட்டுக்கு நடந்து முடிந்துவிடும்.

திங்கட்கிழமையிலிருந்து அப்படி இல்லை. கேள்வி கேட்கிறார். வாயை மூடிக்கொள்கிறார். காத்திருக்கிறார். வீடு முழுவதும் அரைகுறைக் கேள்விகள் அந்தரத்தில் தொங்குகின்றன.

“வருது, வருது,” என்றார் துணைத் தலைமையாசிரியர் வாளி மேலிருந்து.

நடந்ததைக் கோட்டைவிட்டவர்கள் இருந்தால், சுருக்கம் இதுதான்.

மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களைப் பற்றிப் பயமில்லாமல் கருத்துச் சொல்லட்டும் என்று நம்மவர் ஒரு படிவம் தயாரித்தார். முன்பக்கம் எட்டுக் கேள்வி, பின்பக்கம் ஒன்று. பெயர் எழுத வேண்டாம். ஆனால் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார். எல்லாரும் தங்களுக்குப் பழக்கமில்லாத கையால் எழுத வேண்டும். வலது கைக்காரர்கள் இடது கையால், இடது கைக்காரர்கள் வலது கையால். இந்த யோசனை உதித்த அன்று அவர் இரண்டு முறை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை நாலாவது பீரியடில் பள்ளிக்கூடம் முழுவதும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியது. நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் வந்து சேர்ந்தன. அத்தனையும் கோழி கிளறிய குப்பை. எழுதிய பிள்ளைகளுக்கே திரும்பப் படிக்க வரவில்லை.

ஒன்றை மட்டும் படிக்க முடிந்தது. அது இவர் எழுதியது.

பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட வேண்டாமா? காட்டுவதற்காக இவரே ஒரு படிவத்தை இடது கையால் நிரப்பினார். அதற்காகப் பத்து நாள் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். பயிற்சி கொடுத்தவள் பத்தாவது படிக்கும் மகள். அவள் பிறவி இடது கைக்காரி. “பேப்பரை இந்தப் பக்கம் சாய்ச்சு வைங்கப்பா. பேனாவை அழுத்தாதீங்க, அது ஓடியா போயிடும்?” என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, சிரிப்பா,” என்று இவர் கேட்டுக்கொண்டார். அவள் ப்ராமிஸ் பண்ணினாள்.

மாதிரிக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமே? யோசித்தார். கைக்கெட்டிய தூரத்தில், அடுத்த அறையில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை நினைவுக்கு வந்தார். எழுதினார்.

அந்த மாதிரியை வகுப்பு வகுப்பாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனவர், பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பிள்ளைகளின் படிவங்கள் அதன் மேல் அடுக்கப்பட்டன. அது கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் வகுப்பு. கெமிஸ்ட்ரி மிஸ் யார் என்பதை இனி சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, படிக்க முடிந்த அந்த ஒரே படிவத்தைப் படித்தார். நாகரிகம் கருதி ஆசிரியர் பெயரைச் சொல்லவில்லை. ‘பத்து பி, நாலாவது பீரியட்’ என்று மட்டும் சொன்னார்.

‘கேள்வி கேட்பவரும் இவரே, பதில் சொல்பவரும் இவரே. எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.’

“ஆகா, கூர்மையான பார்வை!” என்று இவர் தலையாட்டினார். தன் எழுத்து என்று அப்போது பிடிபடவில்லை. நடை மட்டும் பிடித்திருந்தது.

‘எதையும் மூன்று முறை சொல்கிறார். மூன்றாவது முறை நாம் கேட்பதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.’

அப்போதுதான் பிடிபட்டது. அதற்குள் எல்லார் கண்ணும் கெமிஸ்ட்ரி மிஸ் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை அந்தப் படிவத்தை மடித்து, “உங்களுக்கு உபயோகப்படும், வச்சுக்குங்க,” என்று கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடமே கொடுத்தார். அறிவியல் துறைத் தலைவர் பதவி அந்த அம்மாளுக்குத்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர், ‘அந்தப் பொறுப்புக்கு நான் தகுதியானவள் அல்ல’ என்று நாலு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வாயைத் திறக்க நம்மவர் தினமும் நல்ல நேரம் பார்க்கிறார். நேரம் அமையவில்லை.

*

குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் மகள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு ‘மந்திரி’ என்று பெயர். நாலு வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஓர் ஆலோசனை வைத்திருப்பாள்.

மனைவி இரண்டு பொருள்களை மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்தப் படிவம். இன்னொன்று மகளின் கெமிஸ்ட்ரி நோட்டு.

இரண்டிலும் எழுத்துகள் ஒரே மாதிரி இடது பக்கம் சாய்ந்திருந்தன. மகளிடம் படித்தால் அப்படித்தான் சாயும்.

“ஊர்ல எல்லாப் பிள்ளையும் கிறுக்கியிருக்கு. இது மட்டும் அச்சு மாதிரி இருக்கு. அப்ப எழுதினவங்களுக்கு இடது கைதான் பழக்கம்,” என்றார் மனைவி. “நாலு நாளா யோசிச்சேன். கேட்டுடறேன். நீயா?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மந்திரி படிவத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முகத்தைக்கூட இல்லை, டம்ளரைப் பிடித்திருந்த இடது கையை. அந்தக் கை மெதுவாக மேஜைக்குக் கீழே இறங்கியது.

“ஆமாம்மா. நான்தான்.”

துணைத் தலைமையாசிரியரின் வாய் திறந்தது. அதில் ரொட்டி இருந்தது.

அந்த நொடியில் அவர் மனதுக்கு முதலில் வந்து சேர்ந்தது நிம்மதி. வெட்கம் அடுத்த பஸ்ஸில்தான் வந்தது. வந்ததும் முதல் ஆளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

“சரி,” என்றார் மனைவி.

“திட்ட மாட்டியா?”

“எதுக்குத் திட்டணும்? மனசுல பட்டதை எழுதச் சொன்னாங்க, எழுதியிருக்கே.” நோட்டை மூடி மகள் பக்கம் தள்ளினார். “என் க்ளாஸ்ல கஷ்டப்பட்டு உக்கார வேண்டாம். ‘ஏ’ பிரிவுக்கு மாத்தச் சொல்லி இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன். உங்கப்பாதானே கையெழுத்துப் போடணும், போட்டுடுவார்.”

“இல்ல, இங்க பாரு...” என்று தொடங்கினார் நம்மவர்.

மனைவி திரும்பி, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். முன்பானால் இந்நேரம் மனைவியே முடித்துவைத்திருப்பார்.

“...நேரமாச்சு,” என்றார் நம்மவர்.

*

இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போவார்கள். பள்ளி கேட் வரைக்கும் ‘என்னங்க’, ‘இங்க பாரு’. கேட்டைத் தாண்டினால் ‘சார்’, ‘மிஸ்’. இது சுற்றறிக்கை எண் ஏழு.

இன்று கேட்டுக்கு முன்பே மனைவி, “இங்கேயே இறக்கி விட்டுடுங்க சார், நடந்து போயிக்கறேன்,” என்றார். தோளில் பை, கையில் லேப் கோட்டு. அந்தப் பைக்குள்தான் படிவம் இருந்தது.

அறைக்குள் போனதும் மேஜை மேல் வழக்கமான வெள்ளிக்கிழமை வேலை காத்திருந்தது. பள்ளியின் வாரச் செய்தித்தாள். ஒரே தாள், இரண்டு பத்தி. இடது பத்தி ‘ஆசிரியர் செய்திகள்’. வலது பத்தி ‘மாணவர் உலகம்’. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாமே இவர்தான். வாசகரும் இவர்தான் என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அவருக்கு ‘சுற்றறிக்கை’ என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே.

ஒன்பதரை மணிக்குள் இரண்டு பத்திக்கும் செய்தி வந்துவிட்டது. ‘ஆசிரியர் செய்தி’க்கு மனைவியின் மறுப்புக் கடிதம். ‘மாணவர் உலக’த்துக்கு மகளின் பிரிவு மாற்ற விண்ணப்பம். ‘காரணம்’ என்ற இடத்தில் மனைவி, ‘மாணவிக்குப் பாடம் நடத்தும் முறை ஒத்துவரவில்லை’ என்று எழுதியிருந்தார். தன் பெண்ணைப் பற்றி, தன்னைப் பற்றி, தன் கையாலேயே. அழகான வலது கை எழுத்து.

பதினாலு வருடமாகச் செய்தி தேடி அலைந்த செய்தித்தாள், கடைசியில் அவருடைய வீட்டை வைத்தே நிரம்பிவிட்டது.

கதவருகில் இருமல் சத்தம். ஃபிசிக்ஸ் சார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

“எனக்குப் பதவியெல்லாம் வேண்டாம்னுதான் சார் சொல்லிட்டிருக்கேன்,” என்று அவர் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். “மேடம்தான் விடமாட்டேங்கறாங்க. சரி, உங்களுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு என்னைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு எழுதிட்டு வந்தேன்.”

சின்னக் குறிப்பு நாலு பக்கம் இருந்தது. ‘எளிமையே உருவானவர்’ என்பது மூன்று இடத்தில் வந்தது.

“வச்சுட்டுப் போங்க.”

“பாவம் சார் உங்க வீட்ல... மன்னிக்கணும், மிஸ். இப்பல்லாம் க்ளாஸ்ல ஒரு கேள்வியைக் கேட்டுட்டு அப்படியே நிக்கறாங்களாம். பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்களாம். நேத்து ஒரு கேள்விக்கு ஏழு நிமிஷம் நின்னிருக்காங்க. பக்கத்து க்ளாஸ் எனக்கு, நிசப்தம் தாங்கலை.”

ஏழு நிமிடம். துணைத் தலைமையாசிரியர் எழுந்தார். நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டார். முதல் வாக்கியம்கூடத் தயார்.

“வாங்க சார், உங்களைத்தான் கூப்பிட இருந்தேன்!” என்றார் தலைமையாசிரியை. “உங்க படிவத்தை மேலிடத்துக்கு அனுப்பியிருந்தேன். அசந்துட்டாங்க. அடுத்த வாரம் மத்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க எல்லாரும் வர்றாங்க. ‘அச்சமற்ற கருத்து’ன்னு தலைப்பு. நீங்கதான் பேசறீங்க.”

“மேடம், அந்தப் படிவத்துல ஒரு...”

“தெரியும், கையெழுத்துப் புரியலைங்கறாங்க. புரியாட்டி என்ன, புரிஞ்ச அந்த ஒண்ணு போதுமே! ஒரு பிள்ளை எவ்வளவு துணிச்சலா எழுதியிருக்கு! அதுவும் உங்க ஒன்பதாவது கேள்வி இருக்கே, ‘இந்த ஆசிரியரே அடுத்த ஆண்டும் உங்களுக்கு வேண்டுமா?’ பிரமாதம். ஒரே டிக்குல ஒரு ஆளோட மொத்த சர்வீஸையும் எடை போட்டுடலாம்.”

“நன்றி மேடம்,” என்றார் நம்மவர்.

தான் சொல்ல வந்தது அதுவல்ல என்பது, வராந்தாவில் பாதி தூரம் திரும்பி வந்த பிறகு அவருக்கு உறைத்தது.

*

மதிய இடைவேளையில் மகள் வந்தாள். யூனிஃபார்மில் அவள் இன்னும் சின்னவளாகத் தெரிவாள்.

“உள்ள வரலாமா சார்?”

“வா மந்திரி. கதவைச் சாத்து.”

“சாத்தக் கூடாது சார். சுற்றறிக்கை இருபத்தாறு. மாணவர் உள்ள இருந்தா கதவு திறந்திருக்கணும்.”

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் எட்டாவது பிள்ளைகள் இட்லியா பூரியா என்றெல்லாம் பார்க்காமல், கிடைத்ததைத் தின்றுகொண்டே ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“பின்ன? ‘நான் இல்ல’ன்னா, ‘அப்ப யாரு’ன்னு அடுத்தது வரும். தெரியாதுன்னா பொய். தெரியும்னா உங்களுக்குப் பண்ணின ப்ராமிஸ் போச்சு. எது சின்னப் பொய்னு பாத்தேன்.”

“நீ எழுதினேன்னு சொல்றது சின்னப் பொய்யா?”

“காலைல சின்னதாத்தான் இருந்துச்சு.” அவள் மேஜை விளிம்பை நகத்தால் கீறினாள். “நாலாவது பீரியட்ல அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது, கை தூக்கினேன். என் பெஞ்ச் வரைக்கும் வந்துட்டு, பாக்காம தாண்டிப் போயிட்டாங்க. கையை எப்ப இறக்கறதுன்னே தெரியலப்பா. பெல் அடிக்கற வரைக்கும் வச்சிருந்தேன்.”

நம்மவர் ஃபிசிக்ஸ் சாரின் நாலு பக்கங்களை எடுத்து விளிம்பு தட்டி நேராக்கினார். மறுபடியும் நேராக்கினார்.

“அதுல எழுதினதெல்லாம் நிஜமாப்பா?”

“சும்மா மாதிரிக்கு எழுதினது.”

“மாதிரிக்கு உங்களுக்கு அம்மாதான் கிடைச்சாங்களா?”

“வேற யாரைப் பத்தியும் எனக்கு அவ்வளவு தெரியாதுடா.”

மந்திரி மேஜையைக் கீறுவதை நிறுத்தினாள். “இதை அம்மாகிட்டச் சொல்லுங்க. இப்ப சொன்னீங்களே, இதை,” என்றாள். கதவு வரை போய்த் திரும்பினாள். “நான் வாயைத் திறக்க மாட்டேன். ப்ராமிஸ்னா ப்ராமிஸ். ஆனா நீங்க உங்களுக்கே ப்ராமிஸ் பண்ணிக்கலையே? நன்றி சார்.”

*

இரண்டே முக்காலுக்கு அவர் எழுதி முடித்தார். அலுவலக அறையில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ் அக்கா காத்திருந்தார். தலைமையாசிரியைகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த இயந்திரமும் அவர் பேச்சுக்குத்தான் கட்டுப்படும்.

அக்கா தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

‘நிர்வாகக் காரணங்களால் மாதிரிப் படிவம் ஒன்று மாணவர் படிவங்களுடன் கலக்க நேரிட்டதாகத் தெரியவருகிறது. இதனால் எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் அது வருந்தத்தக்கது.’

“யாரு சார் கலந்தது?”

“அது... கலந்துடுச்சுக்கா.”

“தானாவா?”

“ஒரு மாதிரி... ஆமா.”

“யாருக்குத் தெரியவருது?”

“பொதுவா சொல்றதுதான்.”

“சரி, யாரு வருத்தப்படறது?”

“அதான் ‘வருந்தத்தக்கது’ன்னு போட்டிருக்கேனே.”

“அதுலயும் ஆளைக் காணோமே சார்.” அக்கா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், ஆள் பின்பக்கம் இருக்கிறாரோ என்பதுபோல. “திங்கட்கிழமை மிஸ் இங்க வந்து நின்னாங்க. வெத்துத் தாள் கேட்டாங்க, கொடுத்தேன். என்னமோ சொல்ல வந்தாங்க, சொல்லாம போயிட்டாங்க. அவங்க சொல்லாம போய் நான் பாத்ததே இல்ல. மெஷின் சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும் சார். நீங்க உக்காந்து எழுதுங்க.”

இயந்திரம் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

பதினாலு வருடத்தில் அவர் எழுதிக் குவித்த சுற்றறிக்கைகளில் ‘நான்’ என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. முதல் தடவை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவதுபோல.

ஆசிரியர் செய்திகள் பத்தியில்: ‘பத்து பி வகுப்புப் படிவம் என்று திங்கட்கிழமை படிக்கப்பட்டதை எழுதியவன் நான். மாதிரிக்காக எழுதி, அங்கேயே மறந்து வைத்துவிட்டேன். நாலு நாளாகத் தெரிந்தும் சொல்லவில்லை. அறிவியல் துறைத் தலைவர் பற்றிய அறிவிப்பு, கெமிஸ்ட்ரி மிஸ் தம் கடிதத்தை மறுபடி யோசித்துப் பார்த்த பிறகு வெளியாகும்.’

மாணவர் உலகம் பத்தியில்: ‘அதை எழுதியவர் மாணவர் எவரும் அல்லர். சந்தேகிக்கப்பட்ட மாணவி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்.’

அக்கா படித்தார். பட்டனை அழுத்தினார். நானூறு பிரதிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

“கடைசி பெல்லுக்கு வகுப்பு வகுப்பாப் போயிடும் சார். அதுக்குள்ள போய் மிஸ்கிட்ட நேர்ல சொல்லிடுங்க. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா நல்லாருக்காது.”

*

கெமிஸ்ட்ரி லேபில் மனைவி தனியாக இருந்தார். தொட்டியில் சோதனைக் குழாய்களைப் பிரஷ் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அமோனியா நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தால் அதன்மேல் பழி போட்டுக்கொள்ள வசதியான இடம்.

“சொல்லுங்க சார்.” திரும்பவில்லை.

“மிஸ், அந்தப் படிவம்... அது எப்படியோ கலந்து...” என்று ஆரம்பித்தவர், ஆபீஸ் அக்காவின் மூக்குக் கண்ணாடி நினைவுக்கு வந்து நிறுத்தினார். “நான் எழுதினேன்.”

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“நான்தான் எழுதினேன். மந்திரி இல்ல. பசங்களுக்குக் காட்டறதுக்கு எழுதினேன். உன் க்ளாஸ்ல வச்சுட்டு வந்துட்டேன். திங்கட்கிழமையே தெரியும். சொல்லல.”

மனைவி குழாயை மூடினார்.

“எந்தக் கையால?”

“இடது கையால.”

“உங்களுக்கு இடது கையால கதவுகூடத் திறக்க வராதே.”

“மந்திரி சொல்லிக் கொடுத்தா. பத்து நாள். நீ சிரிப்பேன்னு சொல்ல வேண்டாம்னேன்.”

மனைவி உயரமான அந்த லேப் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து சேலையில் தண்ணீர் சொட்டியது. கவனிக்கவில்லை.

“இன்னைக்குக் கை தூக்கினா,” என்றார் மெதுவாக. “சரியான பதில்தான் வச்சிருந்திருப்பா. நான் தாண்டிப் போயிட்டேன்.”

“அது என் தப்பு.”

“இல்ல, அது என் தப்பு. உங்க தப்பு தனியா இருக்கு, அதுக்கு வரேன்.” நிமிர்ந்து பார்த்தார். “ஏன் எழுதினீங்க?”

காத்திருந்தார். நம்மவரும் மகள் சொல்லச் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தார். அது வெளியே வருவதற்குள்—

“ஏன் எழுதினீங்க? ஆள் கிடைக்கல, அடுத்த ரூம்ல நான் இருந்தேன், எழுதிட்டீங்க. ஏன் நாலு நாளாச் சொல்லல? பயம். என்மேலயா? இல்ல, மேடம் மேல. பேரு கெட்டுடும்னு. அந்தப் பொண்ணு உங்க மூஞ்சியப் பாத்துப் பழியை ஏத்துக்கிட்டப்ப என்ன பண்ணினீங்க? ரொட்டி தின்னீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா? பாத்தேன். என்னடா மனுஷன் இவ்வளவு அமைதியா மெல்லறாரேன்னு பாத்தேன்!”

ஒவ்வொரு கேள்வியும் பதிலும் கன்னத்தில் விழுந்தது. ஆனாலும் நம்மவருக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. நாலு நாளைக்குப் பிறகு வீட்டில் மறுபடி கரண்ட் வந்ததுபோல. அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சிரிக்கிறீங்க?”

“இல்ல. நீ பேசறியே.”

“பேசாம? வீட்டுக்குப் போனதும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். யாரு? ரெண்டு பேரும்தான். முதல்ல நான்.” அவர் பையைத் திறந்து மடித்த படிவத்தை எடுத்தார். மடிப்பில் நைந்துபோயிருந்தது. எத்தனை முறை பிரித்து மூடியிருக்கிறார் என்று அதுவே சொன்னது. “முன்பக்கம் முழுக்க மனப்பாடம் ஆயிடுச்சு. பின்பக்கம் திருப்பவே இல்ல. யாரோ பிள்ளை எழுதினதுன்னு நெனச்சப்ப தைரியம் வரல. பொண்ணுதான்னு தோணினப்புறம் சுத்தமா முடியல. பின்னாடி என்ன கேள்வி? உங்க சுற்றறிக்கையை யாரு படிச்சா.”

“இங்க கொடேன், வீட்ல போய் நிதானமா...”

“எதுக்கு? இனி எனக்கென்ன பயம், நீங்கதானே எழுதினது.”

கடைசி பெல் அடித்தது. வராந்தாவில் செய்தித்தாள் கட்டுகளோடு ஆபீஸ் அக்காவின் செருப்புச் சத்தம் வகுப்பு வகுப்பாக நகர்ந்தது. துணைத் தலைமையாசிரியருக்கு அன்று மாதிரியை எழுதிய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் நிரப்பினால்தான் மாதிரி முழுமையாகும் என்று அவர் நினைத்தது நினைவுக்கு வந்தது. புகழ்ச்சியாகப் போட்டால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்று நினைத்ததும் நினைவுக்கு வந்தது.

மனைவி படிவத்தைத் திருப்பினார்.

ஒன்பதாவது கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது.